டைட்டானிக்கில் பனிப்பாறையை முதலில் பார்த்த ஃப்ரெட்ரிக் ஃப்ளீட்டுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

கேள்வி இதுதான்: டைட்டானிக்கில் பனிப்பாறையை முதலில் பார்த்துக் குரல் கொடுத்த மாலுமி உயிர் தப்பினாராமே, அவர் அதன்பின் என்ன ஆனார்? அவர் கையில் ஒரு பைனாகுலர் இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்கிறார்களே, உண்மையா? அவரைத் தண்டித்தார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த விசாரணையும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த பைனாகுலர் பேச்சு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. செத்த பிறகும் விடவில்லை.

ஃப்ரெட்ரிக் ஃப்ளீட் 1887 அக்டோபரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா யாரென்றே தெரியாது. அம்மா கைக்குழந்தையாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போய்விட்டார். அநாதை இல்லம், வளர்ப்பு வீடுகள், தூரத்து உறவினர்கள் என்று கை மாறி மாறி வளர்ந்த பையனைப் பன்னிரண்டு வயது வாக்கில் 'கிளியோ' என்ற பயிற்சிக் கப்பலில் சேர்த்தார்கள். ஆதரவற்ற பையன்களைப் பிடித்துக் கட்டுப்பாட்டோடு வளர்த்துக் கடல் வேலைக்குத் தயார் செய்யும் கப்பல் அது. இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1903-ல் கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, படிப்படியாகத் தேர்ந்த மாலுமி ஆனார். டைட்டானிக்கை ஓட்டிய வைட் ஸ்டார் நிறுவனத்தின் 'ஓஷியானிக்' கப்பலில் நாலு வருஷம் கண்காணிப்பு மாலுமியாக வேலை பார்த்த பிறகுதான் டைட்டானிக்குக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 24. சம்பளம் மாதம் 5 பவுன், கண்காணிப்பு வேலைக்குத் தனியாக 5 ஷில்லிங். அனுபவமில்லாத ஒரு பையனை மேலே ஏற்றிவிட்டார்கள் என்று சிலர் எழுதுவது சுத்தத் தவறு. அந்த வேலையையே தொழிலாகச் செய்தவர் அவர்.

டைட்டானிக்கில் இந்த வேலைக்கு ஆறு பேர் இருந்தார்கள். முன்கம்பத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 அடி உயரத்தில் ஒரு திறந்த கூண்டு. அதில் இரண்டு இரண்டு பேராக இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அப்புறம் நாலு மணி நேரம் ஓய்வு. கூண்டில் ஒரு வெண்கல மணியும், கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜுக்குப் பேச ஒரு டெலிபோனும் இருந்தன. 1912 ஏப்ரல் 14 இரவு 10 மணிக்கு ஃப்ளீட்டும் ரெஜினால்ட் லீ என்பவரும் முறை மாற்றிக்கொண்டு மேலே ஏறினார்கள். இறங்கிப் போனவர்கள், சின்னச் சின்னப் பனிக்கட்டிகள் வரலாம், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலதிகாரி சொன்னதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதாவது பனி இருக்கும் என்பது கப்பலுக்குத் தெரியும். தெரிந்தும் சுமார் 22 நாட் வேகத்தில், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல், ஓடிக்கொண்டிருந்தது.

இரவு 11:40. நேர் எதிரே கறுப்பாக ஏதோ ஒன்று. ஃப்ளீட் மணியை மூன்று முறை அடித்தார். மூன்று அடி என்றால் நேர் முன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே டெலிபோனை எடுத்தார். மறுமுனையில் ஆறாவது அதிகாரி ஜேம்ஸ் மூடி.

"என்ன பார்த்தாய்?"

"நேர் எதிரே பனிப்பாறை."

"நன்றி."

பேச்சு அவ்வளவுதான். போனை வைப்பதற்குள் கப்பலின் முகப்பு இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. பிரிட்ஜில் இருந்த முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் அதற்குள் உத்தரவு கொடுத்திருந்தார். பாறை வலப்பக்கமாக உரசிக்கொண்டு போனது. முன்தளத்தில் பனிக்கட்டிகள் கொட்டின. லேசாக ஒரு தேய்க்கும் சத்தம் கேட்டது. மயிரிழையில் தப்பிவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்ததாக ஃப்ளீட் பின்னால் சாட்சி சொன்னார். அதனால்தான் இருவரும் பதறி இறங்கவில்லை. முறை முடிந்து மாற்று ஆட்கள் வரும் வரை, அடிபட்ட கப்பலின் உச்சியிலேயே நின்று காவல் காத்தார்கள். இந்த விவரத்தைப் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதே இல்லை.

கீழே இறங்கியதும் இரண்டாவது அதிகாரி சார்ல்ஸ் லைட்டோலர் அவரை 6-ஆம் எண் உயிர்காப்புப் படகில் ஏற்றினார். 65 பேர் ஏறக்கூடிய படகு. முப்பது பேர்கூட இல்லாமல் இறக்கப்பட்டது. படகுக்குப் பொறுப்பு ராபர்ட் ஹிச்சன்ஸ். மோதிய நேரத்தில் சுக்கானைப் பிடித்திருந்தவர் இவர். பாறையைப் பார்த்தவரும் சுக்கானைத் திருப்பியவரும் ஒரே படகில்! துடுப்புப் போட ஆள் போதவில்லை. படகு ஓட்டத் தெரிந்த கனடாக்காரப் பயணி ஆர்தர் பியூஷன் கயிற்றைப் பிடித்து இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். பின்னால் பெரும்புகழ் பெற்ற மார்கரெட் பிரவுன் என்ற பணக்காரப் பெண்மணியும் இதே படகில்தான் இருந்தார், அவரும் துடுப்புப் போட்டார். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதை நோக்கித் துடுப்புப் போட்டார்கள், அது கிட்டவே வரவில்லை. கப்பல் மூழ்கிய பிறகு, தண்ணீரில் இருப்பவர்களைக் காப்பாற்றத் திரும்பிப் போகலாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள். ஹிச்சன்ஸ் மறுத்துவிட்டார். படகு திரும்பவில்லை. காலையில் உதவிக்கு விரைந்து வந்த 'கார்பேதியா' என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது.

கண்காணிப்பு மாலுமிகள் ஆறு பேரும் பிழைத்தார்கள். அவர்களுக்குப் படகு ஓட்டத் தெரியும், அதனால் படகுகளில் அனுப்பப்பட்டார்கள். கப்பலில் இருந்த ஊழியர்கள் சுமார் 900 பேரில் உயிர் தப்பியவர்கள் 200-க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கொதிகலன் ஆட்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் என்று ஊழியர்களில் பெரும்பாலானோர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக்காரர்கள். அந்த ஒரு ஊரில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தெருவுக்குத் தெரு இழவு வீடு. ஃப்ளீட் பிற்பாடு வாழ்நாளெல்லாம் நடமாடியது அந்த ஊரில்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அன்றைய கப்பல் சட்டப்படி கப்பல் மூழ்கியதோடு ஊழியர்களின் சம்பளமும் நின்றுவிடும். ஏப்ரல் 15 அதிகாலை 2:20-க்கு டைட்டானிக் மூழ்கியது. உயிர் பிழைத்து நடுக்கடலில் படகில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஃப்ளீட் வேலையில் இல்லாத ஆள்.

அப்புறம் விசாரணைகள். கரை சேர்ந்த ஊழியர்களில் ஃப்ளீட் உட்படப் பலரை அமெரிக்க செனட் குழு ஊருக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்தது. வாஷிங்டனில் செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் கேள்வி கேட்டார். பாறை எவ்வளவு தூரத்தில் இருந்தது? தூரம், இடைவெளி இதெல்லாம் எனக்குக் கணிக்கத் தெரியாது என்றார் ஃப்ளீட். சரி, எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? விசாரணை அறையில் இருந்த மேஜைகளைக் காட்டி, முதலில் பார்த்தபோது அந்த இரண்டு மேஜையையும் சேர்த்து வைத்த அளவு இருக்கும் என்றார். இதைப் படித்துவிட்டு அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான பதிலாகத்தான் படுகிறது. நிலவில்லாத இருட்டில் ஒரு கறுப்பு உருவம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொல்ல யாராலும் முடியாது. தெரியாததைத் தெரியாது என்றார், கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொன்னார்.

பைனாகுலர் பேச்சு இந்த அறையில்தான் பெரிதானது. கண்ணாடி, அதாவது பைனாகுலர், இருந்திருந்தால் பாறையை இன்னும் தூரத்திலேயே பார்த்திருக்க முடியுமா? "கொஞ்சம் முன்னதாகப் பார்த்திருக்கலாம்." எவ்வளவு முன்னதாக? "விலகிப் போகும் அளவுக்கு." இந்த வரியைத்தான் நூறு வருஷத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிறார்கள்.

பைனாகுலர் ஏன் இல்லை? கப்பல் பெல்ஃபாஸ்டில் இருந்து சவுத்தாம்ப்டன் வரும் வரை கூண்டில் ஒன்று இருந்தது. அது இரண்டாவது அதிகாரி டேவிட் பிளேருடையது. சவுத்தாம்ப்டனில் கடைசி நேரத்தில் ஹென்றி வைல்டைத் தலைமை அதிகாரியாகக் கொண்டுவந்தார்கள். அதனால் மர்டாக்கும் லைட்டோலரும் ஆளுக்கு ஒரு படி கீழே தள்ளப்பட்டார்கள். பிளேருக்கு இடமே இல்லாமல் போய் இறங்கிவிட்டார். பைனாகுலர் அவர் அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டதோடு சரி. மாலுமிகள் கேட்டார்கள், இப்போதைக்கு இல்லை என்று பதில் வந்தது. பிளேரிடம் தங்கிப்போன ஒரு சாவி 2007-ல் 90,000 பவுனுக்கு ஏலம் போனது. 'டைட்டானிக்கைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சாவி' என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சாவியோடு இருக்கும் தகட்டில் பொறித்திருப்பது என்னவோ, கூண்டின் டெலிபோன் என்றுதான். பைனாகுலர் என்ற சொல்லே அதில் கிடையாது. விற்கிறவர்களுக்குக் கதை நன்றாக இருந்தால் போதும்.

சரி, பைனாகுலர் இருந்திருந்தால் தப்பியிருக்குமா? என் கருத்தில், ஏறக்குறைய நிச்சயமாக இல்லை. பைனாகுலர் என்பது ஏற்கெனவே கண்ணில் பட்ட ஒரு பொருள் இன்னதென்று உறுதி செய்துகொள்ளும் கருவி. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அது உதவாது. இருட்டில் தொலைந்த சாவியைப் பேப்பரைச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடுவது போலத்தான் ஆகும், பார்வைப் பரப்பு அவ்வளவு குறுகிவிடும். இது நானாகச் சொல்வதில்லை. அதே கூண்டில் வேலை பார்த்த ஜார்ஜ் சைமன்ஸ், அடுத்து லண்டனில் நடந்த பிரிட்டிஷ் விசாரணையில், முதலில் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் கண்ணாடி என்றார். அண்டார்க்டிகா வரை போய்ப் பனியோடு மல்லுக்கட்டிய எர்னஸ்ட் ஷேக்கிள்டனையும் அங்கே கூப்பிட்டுக் கேட்டார்கள். கண்காணிப்பு ஆளிடம் கண்ணாடி கொடுப்பதில் தனக்கு நம்பிக்கை இல்லை, அது அதிகாரியிடம் இருக்க வேண்டியது என்று அவர் சொன்னார்.

அன்றைய இரவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நிலவு இல்லை. கடலில் அலையே இல்லை. அலை இருந்தால் பாறையின் அடியில் மோதி வெள்ளையாக நுரைக்கும், அதுதான் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். அன்று அதுவும் இல்லை. பாறை வெள்ளையாகவே தெரியவில்லை, கறுப்பு மொத்தையாகத்தான் வந்தது, கப்பலை ஒட்டி வந்த பிறகுதான் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது என்று லீ சொன்னார். டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மோதும்வரை கப்பல் திரும்பிய அளவுக்குத் திரும்ப 37 வினாடி பிடித்தது. அதற்குள் கப்பல் 400 மீட்டருக்கு மேல் முன்னால் போய்விடும். முகம் கொஞ்சமாவது திரும்பியிருக்கிறது என்றால், ஃப்ளீட் அந்த இருட்டில் சுமார் அரைக் கிலோமீட்டர் தள்ளியே, வெறும் கண்ணால், பாறையைப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். வேகம் பாதியாக இருந்திருந்தால் அதே கண் போதுமானதாக இருந்திருக்கும்.

இங்கே கார்பேதியாவின் கேப்டன் ஆர்தர் ரோஸ்ட்ரனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே இரவில், அதே பனிக்குள், அவரும் முழு வேகத்தில்தான் வந்தார். ஆனால் கூண்டில் இருப்பவர் போதாது என்று கப்பலின் முன்முனையிலும் கூடுதல் ஆட்களை நிறுத்தினார். வழியில் பல பனிப்பாறைகளை ஒதுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். டைட்டானிக்கில் முன்முனையில் ஒரு ஆள்கூட நிறுத்தப்படவில்லை. பைனாகுலர் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இதை யாரும் பேசுவதில்லை!

லண்டனில் லார்டு மெர்சி தலைமையில் நடந்த விசாரணையில் ஃப்ளீட் வேறு மாதிரி நடந்துகொண்டார். நிறுவனத்தின் வக்கீல், தொழிற்சங்க வக்கீல், பயணிகளின் வக்கீல் என்று ஆளாளுக்குக் குடைந்தார்கள். முன்னால் லேசாகப் புகைமூட்டம் இருந்தது, இதை ஊடுருவிப் பார்த்தால் நம் அதிர்ஷ்டம்தான் என்று ஃப்ளீட் தன்னிடம் சொன்னதாக லீ சாட்சி சொல்லியிருந்தார். அப்படி நான் சொல்லவே இல்லை என்று மறுத்தார் ஃப்ளீட். மூட்டம் இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் அதிகாரிகள் மாட்டுவார்கள், மூட்டமே இல்லையென்றால் ஏன் முன்பே பார்க்கவில்லை என்று இவர் மாட்டுவார். எந்தப் பதிலும் யாருக்காவது ஆயுதமாகும் என்பது அந்த அநாதைப் பையனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. எல்லோருக்கும் வெடுக்கென்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். ஒரு கட்டத்தில், என்னைப் போட்டுத் தாக்க இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறீர்களா என்றே கேட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் அனுதாபம்தான் வருகிறது என்றார் மெர்சி. முடிவில், நன்றாகச் சாட்சி சொன்னீர்கள், ஆனால் எங்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறீர்கள் போலிருக்கிறது என்றும் சொன்னார். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்பேன்.

பிற்பாட்டு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் பரபரப்பு ஏதும் இல்லை. அதே ஆண்டு ஒலிம்பிக்கில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, ஆகஸ்டில் வைட் ஸ்டாரை விட்டு விலகினார். டைட்டானிக் ஆட்களைக் கண்டாலே நிறுவனத்துக்குச் சங்கடம். உயிர் பிழைத்த நாலு அதிகாரிகளில் ஒருவருக்குக்கூட ஒரு வணிகக் கப்பலின் கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை என்பதே போதுமான சான்று. ஃப்ளீட் யூனியன் காஸில் முதலிய வேறு நிறுவனங்களின் கப்பல்களில் 1936 வரை ஓடினார். 1917-ல் கல்யாணம், ஒரு மகள். கடலை விட்ட பிறகு சவுத்தாம்ப்டனில் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் நிறுவனத்தின் பட்டறையில் வேலை. ஆமாம், டைட்டானிக்கைக் கட்டிய அதே நிறுவனம்தான். அப்புறம் யூனியன் காஸிலுக்காகக் கரையில் காவல் வேலை. கடைசிக் காலத்தில் தெருமுனையில் நின்று மாலைப் பத்திரிகை விற்றார். வாங்கிப் போனவர்களில் எத்தனை பேருக்கு இவர் யாரென்று தெரிந்திருக்கும்?

அவருடைய முடிவு துயரமானது. 1964 டிசம்பர் இறுதியில் மனைவி இறந்தார். இருந்த வீடு மச்சானுடையது, இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, வீட்டை விட்டுப் போகும்படி ஆனது. இரண்டு வாரத்துக்குள், 1965 ஜனவரி 10 அன்று, 77 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டைட்டானிக் குற்றவுணர்ச்சிதான் காரணம் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அதற்கு இடையே 52 வருஷம் இருக்கிறது. மனைவியையும் வீட்டையும் ஒரே மாதத்தில் இழந்த முதியவர் ஒருவருக்குப் பனிப்பாறையைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழைகளுக்கான கல்லில்லாத குழியில்தான் ஹாலிபுரூக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1993-ல் அமெரிக்காவின் டைட்டானிக் வரலாற்றுச் சங்கம் ஒரு கல் வைத்தது. 2012-ல், விபத்தின் நூற்றாண்டின்போது, யாரோ ஒருவர் அந்தக் கல்லறையில் ஒரு பைனாகுலரை வைத்து, நூறு வருஷம் தாமதமாகக் கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும் என்று சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார். நெகிழ்ச்சி என்று பலர் பகிர்ந்தார்கள். எனக்கு அது எரிச்சலைத்தான் தருகிறது. உயிரோடு இருந்தபோது விடாமல் கேட்ட அதே கேள்வியைக் கல்லறைக்கும் கொண்டுபோன வேலை அது.

தண்டனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1912 ஜூலை 30-ல் வந்த மெர்சி அறிக்கை, மோதலுக்குக் காரணம் கப்பலை ஓட்டிய அளவுமீறிய வேகம் என்றது. கூண்டில் இருந்த இருவர் மீதும் குற்றம் சொல்லவில்லை. பனி இருப்பதாகத் தகவல் வந்தால் இரவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பாதையை மாற்ற வேண்டும் என்ற விதி 1914 ஜனவரியில் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளைத் தேடித் தகவல் சொல்லத் தனி ரோந்தே ஏற்பாடானது, இன்றும் அது நடக்கிறது. கண்காணிப்பு மாலுமிக்கு பைனாகுலர் கட்டாயம் என்ற விதியை மட்டும் அந்த ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை.